ரப்பர் பாலுக்கும் மட்டிப்பழத்துக்கும் என்ன சொந்தம்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணாச்சி, நான் பால் வெட்டுக்குப் போகிறவன். கையில் அரிப்பு வந்தது, கையுறை போடச் சொன்னார்கள், போட்டால் அரிப்பு கூடிவிட்டது. இப்போது மட்டி வாழைப்பழம் தின்றாலும் உதடு தடிக்கிறது. ரப்பருக்கும் வாழைக்கும் என்ன சம்பந்தம்? வீட்டில் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.
– பால் வெட்டுத் தொழிலாளி, குலசேகரம்

பதில்: முதலில் டாக்டரைப் பாருங்கள், அப்புறம் மீதியைப் படியுங்கள். அரிப்போடு நின்றால் சரி, உதடு தடிப்பது வேறு. மூச்சு இழுத்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். கையுறை போட்டும் அரிப்பு கூடியதற்குக் காரணம், அந்தக் கையுறையே ரப்பர் பாலில் செய்ததாக இருக்கலாம். நைட்ரைல் கையுறை என்று தனியாகக் கிடைக்கும், அதில் மரத்து ரப்பர் கிடையாது. இன்ன ஒவ்வாமை என்று உறுதி செய்ய வேண்டியது டாக்டர்தான், நான் இல்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். ரப்பர் பாலில் ஹெவீன் என்று ஒரு சின்னப் புரதம் இருக்கிறது. மொத்தமே 43 அமினோ அமிலம், அதாவது புரதச் சங்கிலியில் 43 மணி. பூஞ்சையின் செல் சுவரில் கைட்டின் என்ற பொருள் உண்டு, ஹெவீன் அதைப் பிடித்துக்கொள்ளும். பட்டையை வெட்டினால் அந்தக் காயத்தில் பூஞ்சை ஏறாமல் இருக்க மரம் வைத்திருக்கும் ஏற்பாடுகளில் இதுவும் ஒன்று. வாழைப்பழத்திலும் அவகாடோவிலும் முதல் வகைக் கைட்டினேஸ் என்ற வேறொரு புரதம் இருக்கிறது. அது ஹெவீனைவிடப் பல மடங்கு நீளம், செய்கிற வேலையும் வேறு, கைட்டினை வெட்டுவது. ஆனால் அதன் தலைப்பகுதியில் ஹெவீன் மாதிரியே ஒரு துண்டு ஒட்டியிருக்கிறது. ரப்பர் பாலுக்கு எதிராக உடம்பு தயாரித்து வைத்த எதிர்ப்புப் புரதம் பழத்தில் இந்தத் துண்டைப் பார்த்தாலும் பாய்ந்துவிடுகிறது. ரப்பர் ஒவ்வாமை உள்ள எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை, சிலருக்கு ஆகும்.

மரமாகப் பார்த்தால் ரப்பர் பிரேசிலிலிருந்து வந்தது, வாழைக்கும் அதற்கும் வெகு தூரம். சொந்தம் அந்தச் சின்னத் துண்டில் மட்டும்தான். எங்கே சொந்தம் என்ற இந்த விஷயத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கேள்வியும் அதுதான்.

கேள்வி: அண்ணா, எம்.எஸ்சி. உயிர்த்தகவலியல் இரண்டாம் வருஷம். இரண்டு புரதக் குடும்பங்களை ஒப்பிடுவது என் புராஜெக்ட். முதலில் அலைன்மெண்ட் போட்டேன், அதாவது புரத வரிசைகளை எழுத்துக்கு எழுத்து நேராக அடுக்கினேன். பக்கம் பக்கமாக வண்ண எழுத்துகள்தான் வந்தன, பார்த்த யாருக்கும் எதுவும் புரியவில்லை. அப்புறம் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் பிளாஸ்ட் (ஒற்றுமை தேடும் மென்பொருள்) செய்து, ஒத்தவற்றைக் கோட்டால் இணைத்து நெட்வொர்க் வரைந்தேன், நூல்கண்டு சிக்கின மாதிரி வந்தது. ஒரு பார்வையில் புரிகிற படம் வேண்டும் என்கிறார் கைடு. என்ன செய்ய?
– மாணவி, நாகர்கோவில்

பதில்: படத்தை விடுங்கள் தங்கச்சி, அந்தப் படம் எந்தக் கேள்விக்குப் பதில் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டு குடும்பமும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதா கேள்வி? அதற்கு ஒரு எண் போதும், அட்டவணையில் ஒரு வரி போட்டுவிட்டுப் போகலாம். எங்கே ஒத்திருக்கின்றன என்பதற்குத்தான் படம் வேண்டும். கைடு கேட்பதும் அநேகமாக அதுவாகத்தான் இருக்கும், அவருக்கே அதைச் சொல்லத் தெரியாமல் 'ஒரு பார்வையில்' என்று சொல்லியிருப்பார்.

நெட்வொர்க் ஏன் சிக்கலாக வந்தது என்று பார்ப்போம். நீங்கள் முழுப் புரதத்தையும் பிளாஸ்டில் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மேலே குலசேகரத்து அண்ணனுக்குச் சொன்ன கைட்டினேஸையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வகைக் கைட்டினேஸில் ஹெவீன் தலை உண்டு, கைட்டினை வெட்டும் உடலும் உண்டு. இரண்டாம் வகையில் உடல் மட்டும், தலை கிடையாது. ஹெவீனில் தலை மட்டும். இப்போது பிளாஸ்ட் என்ன செய்யும்? ஹெவீனை முதல் வகையோடு இணைக்கும், முதல் வகையை இரண்டாம் வகையோடு இணைக்கும், மூன்றும் ஒரே கும்பலாகிவிடும். ஹெவீனுக்கும் இரண்டாம் வகைக்கும் பொதுவான பகுதி எதுவுமே கிடையாது, ஆனால் படத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். இது போதாதென்று, ரப்பர் மரம் ஹெவீனை நேரடியாகச் செய்வதில்லை, புரோஹெவீன் என்ற பெரிய புரதமாகச் செய்து பிறகு வெட்டுகிறது. அதன் வால்பகுதி பார்வின் என்ற இன்னொரு குடும்பம், அந்தப் பெயர் பார்லி விதையில் கண்ட புரதத்திலிருந்து வந்தது. டேட்டாபேஸில் கிடப்பது அந்தப் பெரிய புரதம் என்றால் பார்லியும் உங்கள் கும்பலில் வந்து சேர்ந்துகொள்ளும். சிக்காமல் என்ன செய்யும்?

ஆகவே முதல் வேலை டொமைனை, அதாவது தலை, உடல் என்று சொன்ன தனித்தனிப் பகுதியை, வெட்டியெடுப்பது. ஹெச்.எம்.எம்.இஆர் மென்பொருளில் இருக்கிற ஹெச்.எம்.எம்.ஸ்கேனை பிஃபாம் என்ற புரதக் குடும்பத் தொகுப்போடு ஓட்டினால், எந்த டொமைன் எந்த இடத்தில் தொடங்கி எங்கே முடிகிறது என்று கிடைக்கும். பிஃபாமில் இப்போது 20,000க்கு மேல் குடும்பங்கள் இருக்கின்றன, தனித் தளம் மூடப்பட்டு இன்டர்புரோ தளத்துக்குள் போய்விட்டது. உங்களுக்கு வேண்டிய பகுதியை மட்டும் நறுக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் 90 சதவீதத்துக்கு மேல் ஒன்றுபோல இருப்பவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள், சிடி-ஹிட் அதைச் செய்யும். நெல்லும் கோதுமையும் நிறையப் பேர் ஆராய்ந்தவை, அவற்றின் வரிசைகள் டேட்டாபேஸில் குவிந்து கிடக்கும். விட்டால் படம் முழுக்க அவைதான்.

அடுத்தது கட்-ஆஃப். இதில்தான் நிறையப் பேர் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். இ-வேல்யூ (தற்செயலாகவே இத்தனை பொருத்தம் வரலாம் என்ற எண், சின்னதாக இருந்தால் நல்லது) எவ்வளவு வரை கோடு போடலாம் என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள், படம் உங்கள் சொல்லைக் கேட்கிறது. பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது தனித்தனித் திட்டாகத் தெரியும் மேடுகள் தண்ணீர் இறங்க இறங்க ஒன்றோடொன்று சேர்ந்துவிடுவது மாதிரிதான் இதுவும். எந்த மட்டத்தில் நின்று போட்டோ எடுத்தீர்கள் என்று சொல்லாமல் 'இங்கே ஏழு தீவு இருக்கிறது' என்று எழுதினால் தேர்வாளர் சும்மா விட மாட்டார், விடவும் கூடாது. கடுமையான கட்-ஆஃபில் ஒன்று, நடுத்தரமாக ஒன்று, தளர்வாக ஒன்று என்று மூன்று படமாகப் போடுங்கள். எந்தக் கும்பல் எந்த மட்டத்தில் எதோடு சேர்கிறது என்பதுதான் அங்கே செய்தி. இன்னொன்று, நெட்வொர்க் வரையும் சைட்டோஸ்கேப் மென்பொருளில் புள்ளிகளின் இருப்பிடம் விசையை வைத்துக் கணக்கிட்டது, இழுப்பும் தள்ளலும் சமப்படும் இடத்தில் போய் நிற்கும், மறுபடி ஓட்டினால் வேறு மாதிரி வரும். இரண்டு புள்ளிக்கு நடுவில் இருக்கிற தூரத்தை அளந்து பரிணாம தூரம் என்று எழுதிவிடாதீர்கள். வரிசைகளைப் புள்ளிகளாக ஒரு தளத்தில் பரப்பும் டி-ஸ்னி, யுமாப் படங்களுக்கும் இதே எச்சரிக்கைதான். அழகாகத்தான் இருக்கும், ஆனால் தூரத்துக் கும்பல்களுக்கு இடையே இருக்கிற இடைவெளியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

நெட்வொர்க் இவ்வளவுக்குத்தான் உதவும், யாருக்கு யார் பக்கம் என்று காட்டும். எங்கே என்று காட்டாது. அதற்கு லோகோ.

லோகோ என்றால், அலைன்மெண்டின் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. அடிக்கடி வரும் அமினோ அமிலம் பெரிதாக மேலே, அரிதாக வருவது சின்னதாகக் கீழே. மொத்த அடுக்கின் உயரம் அந்த இடம் எவ்வளவு மாறாமல் இருக்கிறது என்பதைப் பிட் (தகவலை அளக்கும் அலகு) கணக்கில் சொல்லும். 1990இல் ஷ்னைடரும் ஸ்டீபன்ஸும் கொண்டுவந்த முறை இது. இருபது அமினோ அமிலமும் சமமாக வரும் என்று வைத்துக்கொண்டால் அதிகபட்ச உயரம் 4.32 பிட். ஆனால் இயற்கையில் அவை சமமாக வருவதில்லை. லூசின் என்ற அமினோ அமிலம் பத்தில் ஒன்று, டிரிப்டோபான் நூறில் ஒன்றுக்குக் கொஞ்சம் கூட. இதைக் கணக்கில் எடுத்தால் முழுக்க மாறாத டிரிப்டோபான் ஆறு பிட்டுக்கு மேல் போகும், முழுக்க மாறாத லூசின் மூன்றரையைத் தொடாது. ஆகவே உங்கள் லோகோ எந்தக் கணக்கில் வரைந்தது என்று படத்தின் அடியில் ஒரு வரி எழுதுங்கள். பாதிப் பேர் எழுதுவதில்லை, எனக்கு அதில் தீராத எரிச்சல்.

சாதாரண லோகோவில் ஒரு குறை உண்டு, எங்கே கூடுதல் அமினோ அமிலங்கள் நுழைகின்றன, எங்கே விடுபடுகின்றன என்பது தெரியாது. பிஃபாம் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் புரொஃபைல் ஹெச்.எம்.எம். என்று ஒரு கணித மாதிரி இருக்கிறதல்லவா, அதில் இந்த நுழைவுக்கும் விடுபடுவதற்கும் நிகழ்தகவு இருக்கிறது. 2004இல் ஷுஸ்டர்-பொக்லரும் அவருடன் இரண்டு பேரும் அதையும் சேர்த்து ஹெச்.எம்.எம். லோகோ என்று கொண்டுவந்தார்கள், அதில் நெடுவரிசையின் உயரத்துக்கு மட்டுமல்ல அகலத்துக்கும் பொருள் உண்டு. அடுத்த வருஷமே அவரும் பேட்மனும் சேர்ந்து, இரண்டு குடும்பங்களின் ஹெச்.எம்.எம்.களைப் பொருத்திப் பார்த்து இரண்டு லோகோவையும் மேலும் கீழுமாக வைக்கும் முறையை வெளியிட்டார்கள். உங்கள் புராஜெக்டுக்கு வேண்டிய படம் இதுதான் என்பேன். மேலே ஒரு குடும்பம், கீழே இன்னொன்று, பொருந்துகிற இடங்கள் நேருக்கு நேர். இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே எழுத்து உயரமாக நின்றால் அது கண்ணில் குத்தும். ஸ்கோர் நன்றாக இருந்தும் மேலும் கீழும் உயரமே இல்லாத குட்டை நெடுவரிசைகளாக ஓடினால் அந்த ஸ்கோரை நம்புவதற்கு முன் யோசிக்க வேண்டும் என்பதும் அதே படத்தில் தெரியும்.

செய்வது எப்படி என்றால், ஹெச்.ஹெச்.அலைன் மென்பொருளில் இரண்டு ஹெச்.எம்.எம்.மையும் கொடுங்கள், எது எதோடு பொருந்துகிறது என்று தரும். லோகோவை இன்டர்புரோவில் பிஃபாம் குடும்பத்தின் பக்கத்திலிருந்தே எடுக்கலாம், அல்லது நீங்களே வரையலாம். பிறகு இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் இரண்டையும் அடுக்கி ஒட்டுங்கள். இதற்கென்றே யாராவது இணையக் கருவி வைத்திருந்தால் நல்லது, ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். ஆய்வுக் கட்டுரைகளில் வரும் இணைய முகவரிகள் கொஞ்ச வருஷத்தில் திறக்காமல் போய்விடும், கையால் ஒட்டியதுதான் வைவா வரை நிற்கும்.

ஒரு பொறி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஹெவீன் 43 அமினோ அமிலம்தான், அதில் எட்டு சிஸ்டைன், அவை இரண்டிரண்டாக நான்கு டைசல்ஃபைட் (கந்தகப்) பிணைப்பாகச் சேர்ந்து அந்தச் சின்னப் புரதத்தை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. லோகோ வரைந்தால் எட்டு உயரமான சிஸ்டைன் நிற்கும். இப்படிச் சிஸ்டைன் நிறைந்த வேறொரு சின்னக் குடும்பத்தை அதோடு வைத்தால் நாலைந்து சிஸ்டைன் எப்படியாவது பொருந்திவிடும், ஸ்கோரும் ஏறும், உடனே 'சொந்தம்!' என்று துள்ளத் தோன்றும். அங்கேதான் நிதானம் வேண்டும். ஹெவீனில் கைட்டினைப் பிடிக்கிற வேலையைச் செய்வது 19ஆம் இடத்து செரின், 21, 23ஆம் இடங்களில் டிரிப்டோபான், 30ஆம் இடத்தில் டைரோசின். சிஸ்டைனோடு இவையும் நேருக்கு நேர் வருகின்றனவா என்று பாருங்கள். வந்தால் கதை வேறு.

அதுவும் போதாத இடம் உண்டு. குதிரைலாட நண்டில் டாக்கிசிட்டின் என்று ஒரு புரதம், அதுவும் கைட்டினைப் பிடிக்கும், அதன் முப்பரிமாண வடிவத்தில் ஒரு பகுதி ஹெவீனை அப்படியே ஒத்திருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே மூதாதையிலிருந்து வந்தவை அல்ல, தனித்தனியாக அந்த வடிவத்துக்கு வந்து சேர்ந்தவை என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒற்றுமை வேறு, சொந்தம் வேறு. படம் ஒற்றுமையை மட்டும்தான் காட்டும். சொந்தம் என்று எழுதுகிற வரி உங்களுடையது, அதற்குக் காரணம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: தம்பி, ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் நான். புரதத்தில் 25 சதவீதம் பொருந்தினாலே ஒரே குடும்பம் என்கிறான் பேரன். மீதி 75 சதவீதம் வேறாக இருக்கிறதே? நான் 25 மார்க்குக்கு யாரையும் பாஸ் போட்டதில்லை.
– தக்கலை வாசகர்

பதில்: சார், உங்கள் சந்தேகம் நியாயமானதுதான், 20 முதல் 35 சதவீதம் வரை இருக்கிற பகுதியை அந்தி மயங்கும் பகுதி என்றே ஆராய்ச்சிக்காரர்களும் சொல்கிறார்கள். அங்கே நிஜச் சொந்தமும் இருக்கும், தற்செயலும் இருக்கும். நீளத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், கணக்கு வாத்தியாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: நாற்பதில் பத்து பொருந்துவதும் நானூறில் நூறு பொருந்துவதும் சதவீதத்தில் ஒன்று, நிகழ்தகவில் எங்கேயோ.

பேரன் சொல்வதற்கு நல்ல உதாரணம் உண்டு. தசையில் ஆக்சிஜனை வைத்திருக்கும் மயோகுளோபின் 153 அமினோ அமிலம், ரத்தத்து ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலி 146. இரண்டும் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் பொருந்தும். ஆனால் கெண்ட்ரூவும் பெருட்ஸும் அவற்றின் முப்பரிமாண வடிவத்தைக் கண்டுபிடித்தபோது இரண்டும் ஒன்றுபோல மடிந்திருந்தன. 1962இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பொருந்துகிற அந்தக் கால்பங்கும் ஏனோதானோ என்று சிதறிக் கிடக்கவில்லை, இரும்பைப் பிடிக்கும் ஹிஸ்டிடின் இந்தக் குடும்பத்தில் எங்கே தேடினாலும் அதே இடத்தில் நிற்கும். தோட்டத்தில் பயறு போட்டிருந்தால் ஒரு செடியைப் பிடுங்கி வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அது லெக்ஹீமோகுளோபின், அதுவும் இந்தக் குடும்பம்தான். மனித ஹீமோகுளோபினோடு வைத்தால் 25 மார்க்கூட எடுக்காது சார், ஆனாலும் அந்த ஹிஸ்டிடின் அங்கே இருக்கிறது.

மடிப்பைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு கொசுறு: புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் மடிய முடியும் என்று உலகம் முழுக்கப் பயன்படுத்துகிற வரைபடம் 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் அவரோடு இருந்தவர்களும் போட்டது. பேரனிடம் கேளுங்கள், பாடத்தில் இருக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர், பையனுக்கு இறால் ஆகாது, தொட்டாலே தடிக்கிறது. மீன் சாப்பிட்டால் ஒன்றும் இல்லை. இரண்டும் கடலில் உள்ளதுதானே?
– வாசகி, குளச்சல்

பதில்: கடல் ஒன்றாக இருக்கலாம் அம்மா, புரதம் வேறு. இறாலில் பெரும்பாலும் தொல்லை தருவது டிரோபோமையோசின், 284 அமினோ அமிலம் உள்ள தசைப் புரதம். மீனில் தொல்லை தருவது பார்வால்புமின், அது முற்றிலும் வேறு குடும்பம். அதனால் சாளையும் அயிலையும் பையனுக்கு ஒத்துக்கொள்கிறதென்றால் ஆச்சரியமில்லை. ஆனால் நண்டு, சிங்கி இறால் விஷயத்தில் டாக்டரைக் கேட்காமல் கொடுத்துவிடாதீர்கள். கரப்பான்பூச்சியிலும் வீட்டுத் தூசியில் இருக்கும் பூச்சியிலும்கூட இறாலினுடையது மாதிரியே டிரோபோமையோசின் உண்டு.

வேடிக்கை என்னவென்றால் நம் உடம்பிலும் டிரோபோமையோசின் இருக்கிறது. இறாலினுடையதோடு பாதிக்கு மேல் பொருந்தும். மாட்டிறைச்சியில் இருப்பது நம்முடையதுக்கு இன்னும் நெருக்கம், அதனால் அதை உடம்பு பொதுவாக அந்நியமாகப் பார்ப்பதில்லை. இறாலில் வேறுபடுகிற சில துண்டுகளைத்தான் எதிர்ப்புப் புரதம் குறிவைக்கிறது. நாகர்கோவில் தங்கச்சி இதையும் ஒரு லோகோ ஜோடியாகப் போட்டுப் பார்க்கலாம், இங்கே பார்க்க வேண்டியது பொருந்தாத இடங்களை.

கேள்வி: புராஜெக்ட் ரிப்போர்ட்டைக் கலரில் பிரிண்ட் எடுத்தால் செலவு அதிகம். கறுப்பு வெள்ளையில் கொடுத்தால் படம் புரியுமா?
– மாணவர், மார்த்தாண்டம்

பதில்: லோகோ என்றால் தாராளமாகப் புரியும், செய்தி உயரத்தில் இருக்கிறது, கலர் கூடுதல் வசதிதான். நெட்வொர்க்கில் குடும்பத்துக்கு ஒரு கலர் கொடுத்திருந்தால் வட்டம், சதுரம், முக்கோணம் என்று வடிவத்தை மாற்றிவிடுங்கள். எண்களை நிறமாகக் காட்டும் ஹீட்மேப்தான் மாட்டும். வானவில் கலரில் போட்டதைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் சிவப்பும் நீலமும் ஒரே சாம்பலாகிவிடும், எது அதிகம் எது குறைவு என்று யாருக்கும் தெரியாது. வெள்ளையில் தொடங்கிக் கரும் நீலத்தில் முடிகிற மாதிரி ஒரே நிறத்தின் ஏற்ற இறக்கத்தில் போடுங்கள். சிவப்பு பச்சை பிரித்துப் பார்க்க வராதவர்கள் தேர்வாளர்களிலும் இருப்பார்கள், அவர்களுக்கும் அதுவே வசதி. லோகோ பக்கத்தை மட்டும் கலரில் எடுத்து நடுவில் சேர்க்கலாம் என்று தோன்றினால் எடுங்கள், ஒரு தாளுக்குப் பெரிய செலவு வந்துவிடாது.